டர்பன் கூரையில் ஒரு டிஷ், கையில் ஒரு டாங்கிள்: செயற்கைக்கோள் வானொலி ஃபீடுகளில் எது பிடிபடும்?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஏதாவது ஒரு தெருவில் நின்று கூரைகளை அண்ணாந்து பார்த்தால், டிஷ்கள் எல்லாம் வடகிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் திசையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 68.5 பாகையில் இன்டெல்சாட் 20 என்ற செயற்கைக்கோள் நிற்கிறது. 2012 ஆகஸ்டில் ஏவினார்கள். டிஎஸ்டிவி, ஓப்பன்வியூ என்ற தொலைக்காட்சிச் சேவைகள் தென்னாப்பிரிக்க வீடுகளுக்கு இந்த இடத்திலிருந்துதான் வருகின்றன. டர்பனிலிருந்து அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 36 பாகை ஏற்றம். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு முதலில் இது விசித்திரமாகத் தெரியும். அங்கே தெற்கே பார்த்த டிஷ் இங்கே வடக்கே திரும்பியிருக்கிறது.

சந்தாவை நிறுத்திவிட்டு இணையத்தில் படம் பார்ப்பவர்கள் பலர் டிஷ்ஷைக் கழற்றுவதில்லை. அது பாட்டுக்குக் கூரையில் கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த டிஷ்ஷைப் பற்றியதுதான். பெருவிரல் அளவுள்ள ஒரு யூ.எஸ்.பி. டாங்கிளையும் ஒரு மடிக்கணினியையும் சேர்த்தால், செயற்கைக்கோளில் ஓடும் டிஜிட்டல் வானொலி ஃபீடுகளை (ஸ்டுடியோவிலிருந்து ஒலிபரப்புக் கோபுரங்களுக்குப் போகும் ஒலியை) நாமே பிரித்தெடுக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். ஆனால் எல்லாவற்றையும் முடியாது. எது முடியும், எது முடியாது என்பதை விலையோ டிஷ்ஷின் அளவோ முடிவு செய்வதில்லை. அந்த சிக்னல் எவ்வளவு அகலம் என்பதுதான் முடிவு செய்கிறது.

இதைச் சொல்ல ஆரம்பித்தாலே பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேள்வி: "அப்போ இதுல சன் டிவி வருமா அண்ணா?" வராது. பூட்டிய சேனல் பூட்டியபடியே இருக்கும். அதைத் திறப்பது இந்தப் பொழுதுபோக்கின் வேலையும் இல்லை. அப்புறம், இங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கான லோட்டஸ் எஃப்.எம். மட்டும் கேட்க வேண்டும் என்றால் சமையலறையில் இருக்கும் சாதாரண ரேடியோவே போதும். 1983-இல் ரேடியோ லோட்டஸாகத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் அதை எஃப்.எம்.மில் கேட்டுக்கொண்டிருக்கிறது. எஸ்.டி.ஆர். என்று நாம் சுருக்கிச் சொல்லும் மென்பொருள் வானொலி வேறொரு ஆசைக்கானது. ஸ்டுடியோவிலிருந்து புறப்படும் ஒலி நம் காதுக்கு வருவதற்குள் எந்த வழியில் போகிறது என்று பார்க்கும் ஆசை அது.

ஒரு வானொலி நிலையத்துக்கு ஸ்டுடியோ ஒரு ஊரிலும் ஒலிபரப்புக் கோபுரங்கள் பல மலைகளிலும் இருக்கும். எல்லாக் கோபுரத்துக்கும் ஒலியைக் கொண்டுசேர்க்க வேண்டும். நாடு பெரிதாக இருந்தால் செயற்கைக்கோள் வசதியான வழி. ஒருமுறை மேலே அனுப்பினால் போதும், கீழே ஆயிரம் இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கோபுரங்களுக்காகப் போகும் சிக்னலைத்தான் ஃபீட் என்கிறோம். நேயருக்காக நேரடியாக வருவது வேறு. அந்த இரண்டாவது வகையில் ஆப்பிரிக்கா ஒரு பெரிய பரிசோதனையைக் கண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் எஸ்.டி.ஆரின் அருமை புரியாது.

வேர்ல்டுஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியின் பெயர் நாற்பதைத் தாண்டிய தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2006-இல் ஏ.ஆர். ரகுமான் அதன் விளம்பரத் தூதராக வந்தார். ஆனால் அது முதலில் ஆப்பிரிக்காவை மனதில் வைத்துத் தொடங்கிய நிறுவனம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் ஆரம்பித்தார். ஆப்ரிஸ்டார் என்ற செயற்கைக்கோள் 1998 அக்டோபர் 28 அன்று ஏரியான் ராக்கெட்டில் போய் கிழக்கு 21 பாகையில் நின்றது. அதன் தெற்குக் கற்றை தென்னாப்பிரிக்கா வரை விழுந்தது. ஆசியாவுக்கான ஆசியாஸ்டார் 2000 மார்ச்சில் போனது. டிஷ் வேண்டாம், உள்ளங்கை அளவு தட்டை ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்தால் போதும். 1467 முதல் 1492 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எல்-பேண்டில் வந்தது. ஒவ்வொரு கேரியரிலும், அதாவது தகவலைச் சுமக்கும் ஒவ்வொரு அலையிலும், வினாடிக்கு 16 கிலோபிட் அளவுள்ள 96 பகுதிகள். ஒரு நிலையம் தன் ஒலித்தரத்துக்கு ஏற்ப அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு அபாரமான ஏற்பாடு.

2008 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 கடைசியோடு இந்தியச் சேவை நின்றது. ஹிட்டாச்சி, சான்யோ, பேனசோனிக், ஜே.வி.சி. என்று பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்த பெட்டிகள் அத்தோடு பயனற்றுப்போயின. ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்புக்கு வேர்ல்டுஸ்பேஸின் ஒரே ஒரு முறைதான் தெரியும். வானத்தில் வேறு எது ஓடினாலும் அதற்குப் புரியாது, அதற்குப் புரிய வைக்கவும் முடியாது.

இதில் ஒரு விதி விளையாட்டு உண்டு. வேர்ல்டுஸ்பேஸ் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள், 2012 தொடக்கத்தில், ரியல்டெக் ஆர்.டி.எல்.2832யூ சிப் உள்ள மலிவு டிவி டாங்கிள்கள் தாம் பிடிக்கும் சிக்னலை அப்படியே எண்களாகக் கணினிக்குக் கொடுக்கும் என்பதை ஆன்டி பலோசாரி என்ற ஃபின்லாந்து நிரலர் கண்டுபிடித்தார். ஆஸ்மோகாம் என்ற நிரலர் குழுவினர் அதற்கு மென்பொருள் எழுதினார்கள். அன்றிலிருந்து அந்த டாங்கிள் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். ஆனது. சிக்னலை வினாடிக்கு 24 லட்சம் முறை அளந்து, அந்த மாதிரிகளை நம்பகமாகத் தரும். சிம்பல் என்பது தகவலைச் சொல்ல அலையின் நிலையை ஒருமுறை மாற்றுவது. வேர்ல்டுஸ்பேஸ் கேரியரின் சிம்பல் வேகம் வினாடிக்கு 18.4 லட்சம். அலைவரிசையும் டாங்கிளின் எல்லைக்குள், அகலமும் கிட்டத்தட்ட எல்லைக்குள். இன்னும் சில ஆண்டுகள் அந்தச் சேவை தாக்குப்பிடித்திருந்தால் யாராவது ஒருவர் அதற்கும் ஒரு டிகோடர் எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

டாங்கிள் செய்வது இரண்டே வேலை. கேட்ட அலைவரிசையைச் சுற்றியுள்ள ஒரு துண்டைக் கீழே இறக்குகிறது, அதை 8 பிட் எண்களாக மாற்றுகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு எண்கள். அவற்றை வைத்து அலையின் உயரத்தையும், அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற கட்டத்தையும் (ஃபேஸ்) கணக்கிடலாம். மீதி எல்லாம் கணினியின் தலையில். வடிகட்டுவது, சிம்பலின் நேரத்தைப் பிடிப்பது, பிழை திருத்துவது, பொட்டலங்களைப் பிரிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு நிரல். முறை மாறினால் நிரலை மாற்றிக்கொள்ளலாம், பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில் 64 டிஷ்களோடு நிற்கும் மீர்கேட் வானொலித் தொலைநோக்கியும் இதே வழிதான். ஒவ்வொரு டிஷ்ஷின் அருகிலேயே சிக்னலை எண்களாக்கி, கண்ணாடி இழை வழியே அனுப்பிவிடுகிறார்கள். அங்கே எல்-பேண்டில் வினாடிக்கு 171.2 கோடி மாதிரிகள், நம்மிடம் 24 லட்சம். அந்த வித்தியாசம்தான் இனிமேல் சொல்லப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் காரணம்.

டிவி சேனல்களைச் சுமக்கும் ஒரு வழக்கமான டிரான்ஸ்பாண்டரை, அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் பகுதியை, எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் டிவிக்கான டி.வி.பி.-எஸ் முறை, வினாடிக்கு 2.75 கோடி சிம்பல். கியூ.பி.எஸ்.கே., அதாவது அலைக்கு நான்கு நிலைகள் உள்ள முறை என்பதால் சிம்பலுக்கு இரண்டு பிட். பிழை திருத்தத்துக்காக முதலில் முக்கால் விகிதம் என்று வைத்தால் நான்கில் ஒரு பங்கு போகும். அதற்கு மேல் ரீட்-சாலமன் என்ற இன்னொரு பிழை திருத்த அடுக்கில் 204 பைட்டில் 188 மட்டுமே உண்மையான சரக்கு. கணக்குப் போட்டால் கையில் மிஞ்சுவது வினாடிக்கு 38 மெகாபிட். அதற்குள் டிவி சேனல்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வானொலி 192 கிலோபிட், அதாவது அரை சதவீதம். அந்த அரை சதவீதத்தை எடுக்க முழு 38 மெகாபிட்டையும் பிரித்தாக வேண்டும். ஒரு கடுகுக்காக மூட்டையையே வீட்டுக்குத் தூக்கி வருவது மாதிரி. ஏனென்றால் 188 பைட் பொட்டலங்கள் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்து வருகின்றன, வானொலி அலைவரிசையில் தனியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. 2.75 கோடி சிம்பலைப் பிடிக்க நம் 24 லட்சம் மாதிரி எந்த மூலைக்கு? ஹேக்ஆர்எஃப் என்ற இன்னொரு எஸ்.டி.ஆர். கருவி வினாடிக்கு 2 கோடி மாதிரி தரும். அதுவும் இதற்குப் போதாது.

இங்கே எஸ்.டி.ஆர். பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தம் இல்லை. அகலமான டிரான்ஸ்பாண்டருக்கு ஒரு டி.வி.பி.-எஸ்2 டியூனர் அட்டையோ பழைய செட்-டாப் பாக்ஸோதான் சரி. டியூனர் அட்டை முழு ஓடையையும் கணினிக்குக் கொடுத்துவிடும், நமக்கு வேண்டிய வானொலியின் பொட்டலங்களைக் குறிக்கும் பி.ஐ.டி. எண்ணைச் சொல்லி வி.எல்.சி., டி.எஸ்.டக் மாதிரி நிரல்களில் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு தடையும் உண்டு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற பெட்டி, வானத்திலிருந்து வரும் கேயூ-பேண்ட் என்ற உயர் அலைவரிசையைக் கீழே இறக்கித்தான் கேபிளில் அனுப்புகிறது. கீழ் பகுதிக்கு 9.75 கிகாஹெர்ட்ஸையும் மேல் பகுதிக்கு 10.6 கிகாஹெர்ட்ஸையும் கழிக்கும். டாங்கிள் 1766 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதால், 12.366 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் எதுவும் அதன் கண்ணில் படாது. கீழ் பகுதியில் 11.516-க்கு மேலும் இதே கதை.

ஆனால் செட்-டாப் பாக்ஸுக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அது எதிர்ப்பக்கத்தில். வினாடிக்கு 10 லட்சம், சிலவற்றில் 20 லட்சம் சிம்பலுக்குக் கீழே போனால் பெரும்பாலான பெட்டிகள் சிக்னல் இல்லை என்று கைவிரித்துவிடும். வானொலி ஃபீடுகளில் ஒரு வகை அங்கேதான் வாழ்கிறது. எஸ்.சி.பி.சி. என்பார்கள். ஒரு கேரியர், அதில் ஒரே ஒரு நிலையம். 256 கிலோபிட் ஒலிக்கு, மேலே சொன்ன அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வினாடிக்கு சுமார் 1,85,000 சிம்பல் போதும். அகலம் கால் மெகாஹெர்ட்ஸ். டாங்கிள் காட்டும் 2.4 மெகாஹெர்ட்ஸுக்குள் அப்படிப்பட்ட பல கேரியர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். எஸ்.டி.ஆர்.++ மாதிரி ஒரு நிரலில் அலைக்கற்றைக் காட்சியைத் திறந்தால், இரைச்சலுக்கு மேலே தட்டையான தலையோடு சின்னச் சின்ன மேடுகளாகத் தெரியும். செட்-டாப் பாக்ஸின் மெனுவில் இப்படி ஒன்று இருப்பதற்கான அடையாளமே வராது.

மேட்டைக் கண்டபின் அதன் அகலத்தை அளந்து சிம்பல் வேகத்தை ஊகிக்க வேண்டும். மேட்டின் இரு சரிவுகளிலும் பாதி உயரத்தில் அளந்தால் அகலமும் சிம்பல் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அப்புறம் லீன்டிவிபி என்ற நிரலுக்கோ எஸ்.டி.ஆர். ஏஞ்சலுக்கோ அதைக் கொடுத்தால், திரையில் கலைந்து கிடக்கும் புள்ளிகள் மெல்ல நான்கு கொத்துகளாகச் சேரும். சேர்ந்துவிட்டால் சிக்னல் பூட்டிக்கொண்டது என்று பொருள். உள்ளே எம்பெக் லேயர் 2 என்ற முறையில் சுருக்கிய ஒலி பூட்டில்லாமல் இருந்தால் உடனே கேட்கும். சில ஃபீடுகள் ஒலியை ஐ.பி. பொட்டலங்களுக்குள் வைத்து அனுப்பும், அதற்கு இன்னொரு அடுக்கு உரிக்க வேண்டும். ஐரோப்பாவில் டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் வானொலியின் கோபுரங்களுக்குப் போகும் முழுத் தொகுப்பையே செயற்கைக்கோளில் பிடித்து, டேப்லின் என்ற நிரலில் பல நிலையங்களை ஒன்றாகப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே டி.ஏ.பி.+ 2014 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பகுதியில் சோதனையாக ஓடியது. டர்பன்வாசிகளுக்கு அது தூரத்துச் செய்தி.

குறுகிய கேரியரைத் தேடுபவருக்குப் பெரிய எதிரி எல்.என்.பி.யின் நழுவல். பழைய வகை எல்.என்.பி.யில் 9.75 கிகாஹெர்ட்ஸைத் தரும் ஊசலாட்டி வெயில் ஏறினால் பல நூறு கிலோஹெர்ட்ஸ் வரை நகர்ந்துவிடும். 2.75 கோடி சிம்பல் டிவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கால் மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வானொலிக்கு அது வீட்டை விட்டே வெளியே போவதாகும். டர்பனின் ஜனவரி மதியத்தில் காலையில் குறித்துவைத்த இடத்தில் சிக்னல் இருக்காது. பி.எல்.எல். எல்.என்.பி. வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அதில் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும், அதை 390 மடங்காக்கி 9750 எடுக்கிறார்கள். படிகத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் மேலே சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் பிசகும், அது சமாளிக்கக்கூடியது. கடற்கரை ஊரில் இன்னொரு தலைவலி உப்புக்காற்று. எஃப் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கழற்றி, வெட்டி, புதிதாகப் போட்டு, ரப்பர் டேப் சுற்றுங்கள்.

மின்சாரம் கொடுப்பதில்தான் டாங்கிள்கள் சாகின்றன. எல்.என்.பி.க்கு 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 கொடுத்தால் கிடைமட்டம், கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் தொனி கொடுத்தால் மேல் பகுதி. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் தானாகக் கொடுக்கக்கூடியது 4.5 வோல்ட், அது எல்.என்.பி.க்குப் போதாது. வழக்கமான வழி, பழைய செட்-டாப் பாக்ஸை மின்சாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பிளிட்டரில் மின்சாரம் கடத்தும் பக்கத்தை பாக்ஸுக்கும் மறுபக்கத்தை டாங்கிளுக்கும் கொடுப்பது. டாங்கிள் பக்கத்தில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் டி.சி. பிளாக் கண்டிப்பாக வேண்டும். அதை மறந்தால் 18 வோல்ட் நேராக டாங்கிளுக்குள் போகும். கூரையில் இருப்பது டிஎஸ்டிவியின் எக்ஸ்புளோரா பெட்டியோடு வந்த ஸ்மார்ட் எல்.என்.பி. என்றால், அதைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண யூனிவர்சல் எல்.என்.பி. போடுவது நிம்மதி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பொதுமக்களுக்காகப் பூட்டில்லாமல் வரும் ஒலிபரப்பைக் கேட்பது ஒன்று, பூட்டை உடைப்பது வேறு. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாண்டிப் போவதை 2002-இன் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது, 2021 டிசம்பரிலிருந்து அந்தப் பிரிவுகளின் இடத்தில் சைபர் குற்றங்கள் சட்டம் வந்துவிட்டது. தனியாருக்கு இடையிலான தகவலை ஒட்டுக்கேட்பதற்கு ரிகா என்ற தனிச் சட்டம் இருக்கிறது. செயற்கைக்கோளில் வானொலியோடு தொலைபேசியும் வங்கித் தரவும் ஓடுகின்றன. ஒரு மேட்டை எடுத்துப் பார்த்து அது ஒலிபரப்பு இல்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது. கிடைத்த ஃபீடைப் பதிவு செய்து இணையத்தில் போடுவதும் வேண்டாம், அந்த ஒலிக்கு உரிமையாளர் இருக்கிறார்.

தேடலை எங்கே தொடங்குவது என்றால், இன்டெல்சாட் 20-இல் தொடங்காதீர்கள். டிஷ்ஷை அங்கிருந்து திருப்பி, வடக்கிலிருந்து பத்து பாகை மேற்கே, சுமார் 55 பாகை ஏற்றத்தில் வையுங்கள். கிழக்கு 25.9 பாகையில் எஸ்ஹெயில் 2 இருக்கிறது. கத்தார் நாட்டின் செயற்கைக்கோள், 2018 நவம்பர் 15 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் போனது. அதில் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கென்றே கியூ.ஓ.-100 என்ற பகுதி இருக்கிறது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் இடம் அதுதான். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் பார்வை. சென்னையிலிருந்தும் 27 பாகை ஏற்றத்தில் தெரியும். இங்குள்ள இசட்.எஸ். அழைப்புக்குறிக்காரர்களும் இந்தியாவின் வி.யூ. அழைப்புக்குறிக்காரர்களும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் பேச முடியும். பேசுவதற்கு உரிமம் வேண்டும், கேட்பதற்கு வேண்டாம்.

கியூ.ஓ.-100-இல் குறுகிய பகுதி, அகலப் பகுதி என்று இரண்டு உண்டு. குறுகிய பகுதி 10489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 9750-ஐக் கழித்தால் கேபிளில் 739.5. செட்-டாப் பாக்ஸ்கள் 950-க்குக் கீழே தேடாது என்பதால் இது முழுக்க டாங்கிளின் ராஜ்ஜியம். 2022 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இக்காசா 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைக் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டது. அதில் கைபேசி பேசும் பகுதி 733-இல் முடிந்து, கோபுரம் பேசும் பகுதி 758-இல் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது நல்லவேளையாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஆனாலும் பக்கத்தில் கோபுரம் இருந்து கேபிளின் கவசம் மோசமாக இருந்தால் டாங்கிள் திணறும். அப்போது நிரலில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், கூட்டாதீர்கள்.

மின்சாரத்தை 18 வோல்ட்டுக்கு மாற்றினால் அகலப் பகுதி வரும். அதில் 10491.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பீக்கன், அதாவது அடையாள சிக்னல், இரவும் பகலும் ஓடுகிறது. டி.வி.பி.-எஸ்2, கியூ.பி.எஸ்.கே., வினாடிக்கு 15 லட்சம் சிம்பல். இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலம், டாங்கிளுக்குள் சரியாக அடங்கும். எஸ்.டி.ஆர். ஏஞ்சலில் 741.5-க்குப் போய் அதைப் பூட்டிப் பாருங்கள். பூட்டிய இடம் 741.62 என்று காட்டினால் உங்கள் எல்.என்.பி. 120 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. அந்த எண்ணை வெயிலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு செயற்கைக்கோளுக்கு டிஷ்ஷைத் திருப்பி குறுகிய ஃபீடுகளைத் தேடும்போது, பட்டியலில் உள்ள அலைவரிசையிலிருந்து எவ்வளவு தள்ளித் தேட வேண்டும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.